கஞ்சா வழக்கில் 10 வருடம்: அப்பீலில் எதைப் பார்ப்பார்கள்?

நீங்கள் கேட்டது இது. உங்கள் அண்ணன் நண்பர்கள் இருவரோடு காரில் வந்தபோது டிக்கியில் இரண்டு மூட்டைகளில் 22 கிலோ கஞ்சா பிடிபட்டது. மதுரையில் உள்ள போதைப்பொருள் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் மூவருக்கும் தலா 10 வருடக் கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்துவிட்டது. அபராதம் கட்டாவிட்டால் மேலும் ஒரு வருடம். தீர்ப்பு வந்து 26 நாள் ஆகிறது. அப்பீல் போட்டால் தண்டனை கூடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். மூன்று மாதத்தில் வெளியே எடுத்துத் தருகிறேன் என்று இன்னொருவர் பணம் கேட்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தண்டிக்கப்பட்டவர் போடும் அப்பீலில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும், அல்லது நீதிமன்றமே தானாக முன்வந்து நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கஞ்சா வழக்கில் இது நடப்பது மிக அபூர்வம். அதனால் போடலாமா வேண்டாமா என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். போடுங்கள்.

மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறேன் என்பவர் விஷயம் வேறு. எந்த வழக்கறிஞராலும் அந்த வாக்குறுதியைத் தர முடியாது. கொடுப்பவர் பெரும்பாலும் வழக்கறிஞராகவே இருக்க மாட்டார்.

சரி, கெடு. சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். உங்கள் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் மனு அங்கேதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், அதாவது பி.என்.எஸ்.எஸ்-ஸில், 415-ஆம் பிரிவு. அதோடு போதைப்பொருள் சட்டத்தின் 36பி பிரிவையும் சேர்த்துப் போடுவார்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வர ஆன நாட்களை இந்த 60-இல் இருந்து கழித்துக்கொள்ளலாம். கெடு தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட வழி உண்டு. சிறையில் இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கறார் காட்டுவதில்லை. ஆனால் 26 நாள்தான் ஆகியிருக்கும்போது அந்த வழிக்கு ஏன் போக வேண்டும்?

பணம் இல்லை என்பதால் நின்றுவிட வேண்டாம். காவலில் இருப்பவர் வருமானம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமலே இலவச சட்ட உதவிக்கு உரியவர். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், இல்லையென்றால் உயர் நீதிமன்றக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவை நேரில் பார்க்கலாம். அண்ணன் தானே சிறைக் கண்காணிப்பாளரிடம் அப்பீல் மனுவைக் கொடுத்தாலும் அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஜெயில் அப்பீல் என்பார்கள். சட்ட உதவி வழக்கறிஞர் என்றாலே ஒப்புக்கு வருபவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எல்லாரும் அப்படியில்லை. கட்டுக்கட்டாகப் பணம் வாங்கிக்கொண்டு கேஸ் கட்டைப் பிரிக்காதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கறிஞரைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விசாரணையில் மூவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பீலிலும் செலவு மிச்சம் என்று அதையே செய்யாதீர்கள். கார் முதல் எதிரியுடையது (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்பார்கள்), ஓட்டியவரும் அவரே. உங்கள் அண்ணன் இரண்டாம் எதிரி, பின் சீட்டில் இருந்தவர். அவருக்கு இருக்கும் முக்கியமான வாதம் 'டிக்கியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது' என்பது. அதைச் சொன்ன மறுநிமிடம் பழி முதல் எதிரி மேல் போய் விழும். முதல் எதிரிக்கும் சேர்த்து வக்காலத்து வாங்கியவர் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்? விசாரணையிலும் இதனாலேயே அந்த வாதம் எழவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். சாட்சிகளின் குறுக்கு விசாரணையைப் படித்தால் தெரிந்துவிடும்.

இப்போது எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: அப்பீல் முடியும்வரை வெளியே வர முடியுமா? அப்பீல் இறுதி விசாரணைக்கு வர வருடக்கணக்கில் ஆகும். அதனால் அப்பீலோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போடுவார்கள். 'சஸ்பென்ஷன்' என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். சாதாரண வழக்குகளில் இது ஓரளவு எளிது. போதைப்பொருள் வழக்கில், அதிலும் வணிக அளவு வழக்கில் (கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல்), கதை வேறு.

1989-இல் இந்தச் சட்டத்தில் 32ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டப்படி விதித்த தண்டனையை நிறுத்திவைக்கவோ, குறைக்கவோ, மாற்றவோ கூடாது என்றது அது. 27-ஆம் பிரிவில் வரும் போதைப்பொருள் உபயோகித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே பறிப்பது செல்லாது என்று தாது என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொன்னது. ஆனால் கதவை முழுவதும் திறந்துவிடவில்லை. ஜாமீனுக்கு உள்ள 37-ஆம் பிரிவின் நிபந்தனைகள் இங்கேயும் பொருந்தும் என்றது. அதாவது அரசு வழக்கறிஞரின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். மனுதாரர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி திருப்தி அடைய வேண்டும். வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் தோன்ற வேண்டும்.

குற்றவாளி என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பு எழுதி மை காயவில்லை, குற்றம் செய்யவில்லை என நம்பக் காரணம் காட்டு என்றால் எப்படி என்று தோன்றும். நடைமுறையில் இரண்டு வழியில்தான் இது நகர்கிறது. ஒன்று, தீர்ப்பின் முகத்திலேயே தெரிகிற பெரிய ஓட்டை. இன்னொன்று, உள்ளே கழிந்த காலம். அப்பீல் விரைவில் வராது, தண்டனையில் கணிசமான பகுதி முடிந்துவிட்டது என்றால் நீதிமன்றங்கள் இளகுகின்றன. பாதித் தண்டனை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பாதி முடிந்தால்தான் என்று இரும்பு விதி ஏதும் கிடையாது, வழக்கைப் பொறுத்து முன்னதாகவும் நிறுத்திவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவுபடுத்தியது. அந்த வழக்கில் 10 வருடத்தில் சுமார் நாலரை வருடம் கழித்தவருக்குக் கிடைத்த நிவாரணம் நிலைத்தது. உங்கள் அண்ணன் விசாரணைக் கைதியாக 14 மாதம் இருந்திருக்கிறார். முதல் மனு தள்ளுபடியானால் மனம் உடைய வேண்டாம். காலம் கழித்து மறுபடி போடலாம். முதல் மனுவிலேயே எல்லா வாதத்தையும் கொட்டி, 'முகாந்திரம் இல்லை' என்று நீளமாக ஒரு உத்தரவை வாங்கிவிட்டால் அது பின்னால் இறுதி விசாரணையிலும் குறுக்கே நிற்கும். நல்ல வழக்கறிஞர்கள் சில சமயம் மனுவை அழுத்தாமல் திரும்பப் பெறுவது இதனால்தான். குடும்பத்துக்கு அது துரோகம் போலத் தெரியும், அப்படி இல்லை.

அம்மா உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம் போன்ற காரணங்கள் 37-ஆம் பிரிவின் நிபந்தனைகளை உடைக்காது. சில நாட்களுக்கான தற்காலிக நிவாரணம் கேட்க மட்டும் உதவும்.

இனி அப்பீல். இதில் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். அண்ணன் கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்லப் போவதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களும் ஆவணங்களும் கட்டாக வந்து சேரும். இரு தரப்பும் அதிலிருந்தே வாதாடும். 'அவன் நல்லவன், சேர்க்கை சரியில்லை' என்பதற்கு அங்கே இடம் இல்லை. மகஜருக்கு, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவுக்கு, சாட்சியாகப் போட்ட ஆட்டோக்காரர் இப்போது 'வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்' என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறார் என்கிறீர்கள். அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். தண்டனைக்குப் பிறகு வரும் இப்படிப்பட்ட வாக்குமூலத்தை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு, பயன்படுத்துவது குறைவு. மகஜர் சாட்சி பிறழ்ந்தாலும் போலீஸ் சாட்சியை மட்டும் நம்பித் தண்டிக்கலாம் என்பதும் நிலைபெற்ற சட்டம்.

அப்படியென்றால் எதில்தான் ஜெயிக்கிறார்கள்? காகிதத்தில். இந்தச் சட்டத்தில் பொருள் கைவசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால் மிச்சத்தை எதிரிதான் மறுத்து நிரூபிக்க வேண்டும். 35, 54 பிரிவுகள் அந்தச் சுமையைத் தூக்கி எதிரி தலையில் வைக்கின்றன. சுமை இவ்வளவு கடுமை என்பதாலேயே அரசுத் தரப்பு முதலில் தன் அடிப்படை உண்மைகளைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும் என்று நூர் ஆகா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிடித்த இடத்திலிருந்து ஆய்வகம் வரை அந்தப் பொருள் கைமாறிய ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கி, நேரம், எடை, முத்திரை, நிறம், கையெழுத்து என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அப்பீல் வழக்கறிஞரின் வேலை.

நான் கட்டைப் பிரித்தால் எப்படிப் படிப்பேன் என்று உங்கள் வழக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ரகசியத் தகவல். இரவு 9 மணிக்குத் தகவல் வந்ததாகவும் 11 மணிக்குக் காரை மறித்ததாகவும் தீர்ப்பில் இருக்கிறது. 42-ஆம் பிரிவுப்படி அந்தத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் சோதனையிட்டால் அதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். கார் பொதுச் சாலையில் நின்றதால் பொது இடத்துக்கான 43-ஆம் பிரிவு போதும் என்று அரசுத் தரப்பு சொல்லும். சொந்தக் கார் பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகாது, 42 பொருந்தும் என்று பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி விடுதலையே கொடுத்திருக்கிறது. ஆனால் பிரிவை முற்றிலும் கடைப்பிடிக்காமல் விட்டதற்கும் தாமதமாகச் செய்து காரணம் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு. 2009-இல் கர்னைல் சிங் வழக்கின் அரசியல் சாசன அமர்வு அப்படித்தான் கோடு போட்டது. அதனால் அந்தத் தகவல் அறிக்கை மேலதிகாரிக்கு எப்போது போனது, அவர் எப்போது கையெழுத்துப் போட்டார், அவர் சாட்சி சொன்னாரா என்பது முக்கியம். அது ஒரே ஒரு தாள்தான், ஆனால் சில வழக்குகளே அதில் முடிந்துவிடுகின்றன.

அடுத்தது எடை. உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான் என்பது என் அபிப்பிராயம். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. வணிக அளவென்றால் குறைந்தது 10 வருடம், 20 வருடம் வரை போகலாம். அபராதம் குறைந்தது ஒரு லட்சம். இடைப்பட்ட அளவென்றால் 10 வருடம் வரை, ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. 37-ஆம் பிரிவின் தடையும் இல்லை. ஆக உங்கள் அண்ணனுக்கும் வேறொரு உலகத்துக்கும் நடுவே இருப்பது 2 கிலோ.

அந்த 22 கிலோ எப்படி வந்தது? மகஜரில் 'இரண்டு மூட்டை, தலா 11 கிலோ' என்று மட்டும் இருந்தால் சாக்கோடு சேர்த்தா, சாக்கு நீங்கலாகவா? உள்ளே பாலித்தீன் சுற்றிய பொட்டலங்கள் இருந்தனவா, டேப்போடு எடை போட்டார்களா? எந்தத் தராசு, எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது? இன்னொன்று: சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதியை. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் சேராது. மகஜரில் 'இலை, தண்டு, பூ, விதையுடன் கூடிய ஈரமான கஞ்சா' என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வி எழும். எல்லாம் கலந்துகட்டியாக இருந்ததென்றால் இந்த வாதம் பலவீனமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்காது, எடைக் குழப்பத்தோடு சேரும்போது வலுவாகும். ஹெராயின் போன்றவற்றில் கலப்படத்தைக் கழித்துச் சுத்தமான பங்கை மட்டும் எடை பார்க்க வேண்டும் என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. 2020-இல் ஹீரா சிங் தீர்ப்பு அதை மூடிவிட்டது. இணையத்தில் பழைய தீர்ப்பைப் படித்துவிட்டு யாராவது அதைச் சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

பிறகு மாதிரி. பிடித்த இடத்திலேயே இரண்டு மூட்டையிலிருந்தும் 50 கிராம் எடுத்துக் கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்தோம் என்று எழுதுவது பல வருடப் பழக்கம். 52ஏ பிரிவுப்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, பட்டியலுக்கு அவர் சான்று கொடுக்க வேண்டும் என்று மோகன்லால் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையிலிருந்து போன ஒரு ஹெராயின் வழக்கில், யூசுப் என்பவரின் அப்பீலில், நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கவில்லை என்பதற்காக 2023-இல் தண்டனையே ரத்தானது. அதைப் பார்த்து எல்லாரும் 52ஏ-வைப் பிடித்துக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: 52ஏ மீறல் ஒன்றே விடுதலைக்குப் போதாது; மற்ற சாட்சியங்கள் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கும்; மீறலால் பொருளின் அடையாளத்திலேயே சந்தேகம் வந்தால்தான் பலன். ஆக மறுபடி அந்தக் காகித வரிசைக்கே வந்து நிற்கிறோம்.

பிடித்தது ஒரு தேதி. ஆய்வகத்துக்கு மாதிரி போனது எத்தனை நாள் கழித்து? நடுவில் எங்கே இருந்தது? காவல் நிலையத்தில் என்றால் யார் பொறுப்பில், அந்தப் பதிவேடு தாக்கலானதா, அந்த ஏட்டு சாட்சி சொன்னாரா? மாதிரியை எடுத்துப்போன காவலர்? ஆய்வக அறிக்கையில் வந்து சேர்ந்த எடை எவ்வளவு? 50 கிராம் 46 ஆனால் ஈரம் காய்ந்தது என்பார்கள், சரி. 50 கிராம் 62 ஆகியிருந்தால் என்ன சொல்வார்கள்? நான் ஒரு முறை பார்த்த கட்டில் மகஜர் முழுக்க 'நீல நிறப் பயணப் பை'. நீதிமன்றத்தில் சாட்சி அடையாளம் காட்டியது கறுப்புப் பை. விசாரணையில் யார் கண்ணிலும் அது படவில்லை. சான்றுப் பொருட்களின் பட்டியலை வரிவரியாகப் படித்த ஒரு ஜூனியர் பெண் வழக்கறிஞர் கண்டுபிடித்தார். பெரிய சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை, நிறம்தான்.

வழக்கு 2024 ஜூலைக்குப் பிந்தையது என்றால் சோதனையை வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்ற புதிய சட்ட விதியும் உண்டு. எடுத்தார்களா, தாக்கல் செய்தார்களா என்று பாருங்கள்.

50-ஆம் பிரிவைப் பற்றிச் சிறையில் எல்லாரும் பேசுவார்கள். உடலைச் சோதிக்கும் முன் 'கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்க உனக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். 2010-இல் ஜடேஜா வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைக் கண்டிப்பாக்கியது. ஆனால் அது உடல் சோதனைக்கு மட்டும்தான். பை, மூட்டை, டிக்கி எல்லாம் உடல் ஆகாது. உங்கள் அண்ணன் சட்டைப் பையில் எதுவும் கிடைக்கவில்லை, இருந்ததெல்லாம் டிக்கியில். இந்த வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதேபோல, போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரிகள் 67-ஆம் பிரிவில் வாங்கும் வாக்குமூலத்துக்கும் அதே கதிதான் என்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் தீர்ப்பானது. உங்கள் தீர்ப்பில் 14-ஆம் பத்தியில் 'மூவரும் ஒப்புக்கொண்டதாக அ.சா.1 கூறியுள்ளார்' (அ.சா.1 என்றால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி) என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிபதி தண்டனைக்கு அதையும் ஒரு தூணாக வைத்திருந்தால் அதைத் தட்டிவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் அண்ணனுக்கு மட்டும் உரிய வாதம், முன்பே சொன்ன அந்தப் பின் சீட்டு விவகாரம். கைவசம் என்றால் தெரிந்தே கைவசம் வைத்திருப்பது. ஒரே காரில் சேர்ந்து வந்த எல்லாரையும் தண்டித்ததை உச்ச நீதிமன்றம் 2003-இல் மதன்லால் வழக்கில் சரி என்றிருக்கிறது. லாரியில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தவர்களை, தெரிந்தே வைத்திருந்தது நிரூபணமாகவில்லை என்று 2002-இல் அவ்தார் சிங் வழக்கில் விடுவித்தும் இருக்கிறது. அந்த வழக்கில் இன்னொரு காரணமும் இருந்தது: கைவசம் பற்றிய கேள்வியை எதிரிகளிடம் பழைய நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவு விசாரணையில் கேட்கவே இல்லை. இது முக்கியம். சாட்சியங்கள் முடிந்த பிறகு நீதிபதி எதிரியைக் கூப்பிட்டு, உனக்கு எதிராக இன்னின்ன வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்கும் கட்டம் அது. புதிய சட்டத்தில் 351. மூவருக்கும் ஒரே கேள்வித்தாளை அச்செடுத்து, எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று பதில் எழுதிக்கொண்டு போவது நடக்கிற ஒன்று. அண்ணனிடம் குறிப்பாக 'டிக்கியில் கஞ்சா இருப்பது உனக்குத் தெரியும்' என்று கேட்டார்களா? அவர் எங்கே ஏறினார், எங்கே போவதாக இருந்தார், மூவருக்கும் இடையே போன் தொடர்பு எவ்வளவு, இதெல்லாம் பதிவில் இருக்கிறதா? 29-ஆம் பிரிவு, அதாவது கூட்டுச் சதி, குற்றச்சாட்டாக இருந்தால் அதற்குத் தனியாகச் சாட்சியம் எங்கே?

தண்டனையை மட்டும் குறைக்கக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 20 கிலோவுக்கு மேல் என்பது நிலைத்துவிட்டால் 10 வருடத்துக்குக் கீழே உயர் நீதிமன்றமும் இறங்க முடியாது. வயது, குடும்பம், முதல் குற்றம் எதுவும் அந்தத் தரையை உடைக்காது. 15, 20 வருடம் விதித்திருந்தால், குறைந்தபட்சத்துக்கு மேல் போக எவற்றைக் கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லும் 32பி பிரிவை வைத்து வாதாடலாம். உங்களுக்கு அது பொருந்தாது. அபராதம் கட்டாததற்கான ஒரு வருடத்தைக் குறைக்கக் கேட்கலாம். மூன்று வருடமாக இருந்ததை ஆறு மாதமாக உச்ச நீதிமன்றமே 2007-இல் குறைத்திருக்கிறது. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு வருடம் 10 வருடத்தோடு சேர்ந்து ஓடாது, அது முடிந்த பிறகே ஆரம்பிக்கும். சிறையில் நன்னடத்தைக்காக மற்றவர்களுக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பும் 32ஏ-ஆல் இவருக்குக் கிடையாது. விசாரணைக் காலத்தில் இருந்த 14 மாதம் மட்டும் கழியும். தண்டனை வாரண்டில் அந்த நாட்களைச் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள்; தேதி தவறாக ஏறிப் பின்னால் அலைந்த குடும்பங்கள் உண்டு.

அப்பீல் விசாரணைக்கு வரும் நாளில் உங்கள் வழக்கறிஞர் ஆஜராகாமல் போனால் அதற்காக மட்டும் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது 1996 முதல் உள்ள சட்டம். உயர் நீதிமன்றமும் கைவிட்டால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். அங்கே சாட்சியங்களை மறுபடி அலசுவது அரிது. அதனால் முழு பலத்தையும் மதுரைக் கிளையிலேயே போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். தீர்ப்பு நகல் அண்ணனுக்கு இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது அதை வாங்கிக்கொள்ளுங்கள், வக்காலத்திலும் சிறை வழியாகக் கையெழுத்து வாங்குங்கள். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பழைய வழக்கறிஞரிடம் கேளுங்கள், அவரிடம் இருக்கும் குற்றப்பத்திரிகை நகல், மகஜர், சாட்சிய நகல்கள் எல்லாவற்றையும் சண்டை போடாமல் வாங்குங்கள். அப்புறம் அண்ணனிடம் இரண்டே கேள்வி: மூட்டையை எடை போட்டபோது அவர் பார்த்தாரா, எங்கே வைத்துப் போட்டார்கள்? அன்று எந்தெந்தத் தாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்? நினைவு மங்குவதற்குள் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அது நீதிமன்றத்தில் தாக்கலாகாது; கட்டைப் படிக்கப்போகும் புதிய வழக்கறிஞருக்கு எந்தத் தாளை முதலில் எடுப்பது என்று தெரியும்.